உகந்தைக்கு அப்பால்: கதிர்காமக் காட்டுவழியில் எதிர்ப்பட்டவர்கள்

கல்முனைப் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்தேன் என்று சொன்னதும், கேட்பவர்கள் முதலில் யானையைப் பற்றியே விசாரிக்கிறார்கள். அடுத்து சிறுத்தை, பிறகு கரடி. யானையைக் கண்டது உண்மைதான். அதைப் பின்னால் எழுதுகிறேன். ஆனால் அந்த நடையில் என்னை அதிகம் சோதித்தது, முன்பின் அறியாதவர்கள் தருவதைக் கைநீட்டி வாங்க வேண்டியிருந்ததுதான். வேலைக்காலம் முழுவதும் பிறருக்குக் கடன் கொடுப்பதும் அதை வசூலிப்பதுமாக இருந்தவள் நான். கணவர் காலமான பிறகு பிள்ளைகள் அனுப்பிய பணத்தைக்கூடத் தொடாமல் வங்கியிலேயே வைத்திருந்தவள். வழியில் எதிர்ப்பட்ட மனிதர்களைப் பற்றி எழுதவும், அதே வழியில் நடந்த மற்றவர்களின் அனுபவங்களைக் கேட்கவும் விரும்பியே இதைத் தொடங்குகிறேன்.

வழி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழு யாத்திரை வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்குகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, பாணமையைத் தாண்டி உகந்தைக்கு வருகிறது. அங்கே ஊர்களும் கடைகளும் முடிந்துவிடும். அதன்பின் கூமுனை என்று நம்மவர்கள் சொல்லும் குமண காடு, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று காட்டுக்குள்ளேயே பல நாள் நடந்து, மாணிக்க கங்கைக் கரையிலுள்ள கதிர்காமத்தில் ஏற வேண்டும். உகந்தைக்கும் கதிர்காமத்துக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 55 கிலோமீற்றர்தான். கால் நடக்கும் பாதை அதைவிட எவ்வளவோ நீளம். சந்நிதியிலிருந்து வருபவர்களுக்கு மொத்தப் பயணம் ஒன்றரை மாதத்தையும் தாண்டும். நான் திருக்கோவிலில் சேர்ந்துகொண்டேன்.

பொத்துவிலில் ஒரு முஸ்லிம் பெரியவரின் பலசரக்குக் கடை வாசலில், எங்களுக்காகவே வாங்குகள் போடப்பட்டிருந்தன. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீரைத் தம் கையாலேயே கொண்டுவந்து தந்தார். நான் பணம் கொடுக்க முனைந்தபோது அதைக் கவனியாதவர்போல் உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தவர் கையில் ஒரு சாம்பிராணிப் பொதி இருந்தது. கதிர்காமத்துப் பள்ளிவாசலிலும் அந்த நாட்களில்தான் கொடியேற்றம் நடக்கும், தம் தகப்பனார் காலத்தில் ஆண்டுதோறும் போய்வந்தவர்கள், இப்போது தமக்கு முழங்கால் முடியாமல் போய்விட்டது, இதை அங்கே சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணீருக்காகக் கூசிய எனக்கு, அந்தப் பொதியைச் சுமந்தபிறகு நடையில் ஒரு நிதானம் வந்தது.

பாணமை விசித்திரமான ஊர். அங்கே ஒரே வீட்டில் சிங்களமும் தமிழும் கலந்து புழங்கும். பெயரை வைத்து ஆளைத் தீர்மானிக்க முடியாது. ஒரு வீட்டு முற்றத்தில் இருந்த முதியவள் என்னை மறித்து, சட்டியிலிருந்த எருமைத் தயிரில் பாணி ஊற்றி நீட்டினாள். வயிறு நிறைந்திருக்கிறது, வேண்டாம் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளாளுக்கு வேண்டாம் என்றால், விடியப்புறம் எழும்பி நான் இதை யாருக்குச் செய்தேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். பாணி சற்றுக் கூடுதல்; அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடலை ஒட்டிய பாறை, அதன்மேல் சுனைகள், வள்ளியம்மன் சந்நிதி, கீழே முருகன் கோயில், சுற்றிலும் மரத்துக்கு மரம் துணி கட்டிச் சமைத்துக்கொண்டிருக்கும் கூட்டம். பாதை திறந்த அன்று பெயர் பதிந்து, பைகளைக் காட்டிவிட்டு உள்ளே போனோம். அதன்பின் எல்லாரும் எல்லாருக்கும் "சாமி"தான். கிராம சேவகர், மீன் வியாபாரி, பேராசிரியர், என் போன்ற வங்கிக்காரி எல்லாரும் அந்த ஒரே விளிக்குள் வந்துவிடுகிறார்கள்.

அது கச்சான் காற்று வீசும் பருவம். மணலையும் சருகையும் வாரி முகத்தில் அடிக்கும் அந்த வறண்ட காற்றில் வில்லுகள் எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகள் வற்றி வெடித்துக் கிடந்தன. பாலைப்பழம் பழுத்து உதிரும் காலமும் அதுவேதான். கரடிக்கு அது மிகவும் பிடித்த தீனி என்பதால், இனிப்பு வாசம் வந்த இடங்களிலெல்லாம் முன்னால் போனவர்கள் எங்களை நெருங்கி நடக்கச் சொன்னார்கள். விடியலுக்கு முன் எழுந்து நடப்பது, வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்குவது, பின்னேரம் மறுபடி நடப்பது என்பதே ஒழுங்கு. கும்புக்கன் ஆற்றங்கரை மருத நிழலில் கிடந்த ஓர் இரவைப் பற்றி எத்தனை எழுதினாலும் எனக்குப் போதாது. முழங்கால் அளவு தண்ணீர் தெளிந்து ஓடியது. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்தோம். அக்கரையும் இக்கரையும் அடுப்புகள். ஒரு குழுவினர் திருப்புகழ் பாட, தள்ளியிருந்த சிங்களக் குடும்பமொன்று தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

ஆற்றைக் கடந்தபின்னர்தான் நடை கடுமையாயிற்று. நாவலடிக்கும் வியாழைக்கும் இடையில் எங்கேயோ என் தண்ணீர்க் கானில் முள் ஏறி, கண்டுபிடித்தபோது அடியில் ஒரு சாண் அளவுகூட மிஞ்சவில்லை. முந்திய இரவு ஆற்றங்கரையில் தாளம் தட்டிய அந்தச் சிங்களப் பெண் எனக்குச் சற்றுப் பின்னால் சிறுவன் ஒருவனுடன் நடந்துகொண்டிருந்தாள். அவள் என் கானைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் தன் போத்தலிலிருந்து சரிபாதியை என் பாத்திரத்தில் ஊற்றினாள். அலுவலகத்தில் பழகிய என் சிங்களத்தில், பிள்ளைக்கு வேண்டாமா என்று கேட்டேன். பிள்ளைக்கும் எனக்கும் போக உள்ளதைத்தான் உங்களுக்குத் தந்தேன் என்று அவள் சொன்னது முழுப் பொய். போத்தலில் இருந்த அளவு எனக்குத் தெரியும், கணக்குப் பார்த்தே வளர்ந்த கண் அல்லவா. பொய் என்று தெரிந்தும் குடித்தேன்.

யானையைக் கண்டது மறுநாள் விடியலில். வேல் தாங்கி முன்னே நடந்தவர் கையை உயர்த்த, வரிசை முழுவதும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. பாதைக்குக் குறுக்கே, மரக்கிளையை ஒடித்தபடி, அது தன்பாட்டுக்கு நின்றது. பின்னால் யாரோ "அரோகரா" என்று தொடங்க, பக்கத்திலிருந்தவர் அவர் வாயைப் பொத்தினார். அந்தச் சிறுவன் என் கையைப் பிடித்திருந்தான். அவன் தாய் என் தோளைப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அது போனபின் எழுந்தபோது என் கால்கள் மரத்திருந்தன. யானை பற்றிச் சொல்ல அவ்வளவுதான் உண்டு.

கதிர்காமத்தில் மூலஸ்தானத்தில் நாம் பார்த்துப் பழகிய விக்கிரகம் கிடையாது. முருகன் வள்ளி தெய்வானையுடன் இருக்கும் ஓவியத் திரைதான் தொங்கும், பூசை அதற்குப் பின்னால் நடக்கும். கப்புறாளைமார் எனப்படும் பூசகர்கள் வாயைத் துணியால் கட்டி உள்ளே போவதைப் பார்த்தபோது மண்டூரின் நினைவு வந்தது. அங்கும் கப்புகனார் அப்படித்தான் பூசை செய்வார். சாம்பிராணியைப் பள்ளிவாசலில் சேர்த்தேன். ஊருக்குத் திரும்பியதும், பிள்ளைகளின் பணத்தை எடுத்து வீட்டுக்கூரையை மாற்றினேன். அவர்கள் அடைந்த மகிழ்ச்சி எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

வடமராட்சியிலிருந்து, ஓய்வுபெற்ற தபால் ஊழியர்

அம்மா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். காட்டுவழியை அவர் நிறைவாக எழுதிவிட்டதால், அதற்கு வடக்கேயுள்ள வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் சந்நிதியிலிருந்து நடந்தது 1970களில், மீசை அரும்பிய வயதில், தாய்மாமனின் பின்னால். அந்தக் காலத்தில் நடப்பவர்கள் மிகக் குறைவு. 1950களில் கதிர்காமத்துக்கு வீதி போட்டு பஸ் ஓடத் தொடங்கியபின், நடப்பது சந்நியாசிகளுக்கும் நேர்த்திக்கடன் வைத்த தாய்மாருக்கும் உரியதாகிவிட்டது. சந்நிதிக்கு அருகே வாழ்ந்த ஜேர்மன் சுவாமி கௌரிபாலாவைச் சிறுவர்கள் நாங்கள் எட்டி நின்று பார்ப்போம். 1972இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர் நடந்து போனதும் ஊரில் பெரிய பேச்சு. மாமா கையில் காசு எடுத்துக்கொள்ளவில்லை. காசு இருந்தால் கடையில் வாங்குவாய், கடையில் வாங்கினால் எந்த வீட்டுப் படலையையும் தட்ட மாட்டாய் என்பார். எனக்கோ படலையைத் தட்டுவது அவமானமாக இருந்தது. அவர் தட்ட, நான் வேலிக்கு இப்பால் ஒளிந்து நிற்பேன்.

அதற்கு முந்திய கதையும் உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில் வாந்திபேதிக்குப் பயந்து யாத்திரிகரின் தொகையைக் கட்டுப்படுத்தி, அனுமதிச் சீட்டோடுதான் போகவிட்டார்கள். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராக அறியப்பட்ட லெனாட் வூல்ஃப், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, 1910இல் கதிர்காமத்திலேயே தங்கித் திருவிழாவை மேற்பார்வை செய்தார். அந்தக் கட்டுப்பாடுகளையெல்லாம் தாண்டி வந்த நடை, 1983 கலவரத்தோடு நின்றுபோனது. 1988இல் சிலர் மறுபடி தொடங்கினார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்க்கவே முடியாத காலம் அது.

நான் மறுபடி நடந்தது 2009க்குப் பல ஆண்டுகள் பிந்தி. வட்டுவாகல், முள்ளிவாய்க்கால் பக்கமாக நடந்து வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் தங்கினோம். வழியில் மீளக்குடியேறிய குடும்பமொன்று தகரக் கொட்டிலில் இருந்தது. சுவர் இல்லை; மூன்று பக்கமும் தறப்பாள். அந்த வீட்டுப் பெண் எங்கள் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சியிருந்தாள். இவர்களிடம் வாங்கிக் குடிப்பது பாவம் என்று எனக்குப் பட்டதால், பின்னுக்கு நின்றேன். வேல் தாங்கியவர் என்னிடம் வந்து, அவள் இந்த ஊருக்குத் திரும்பி வந்தபின் வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளிகள் நாங்கள்தானாம், போய்க் குடியுங்கள் ஐயா என்றார். குடித்தேன். கஞ்சியில் உப்பு இல்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

இன்னுமொருவரைப் பற்றி எழுத வேண்டும். ஒரு சோதனைச் சாவடியில், என் பேரன் வயதுள்ள சிங்களச் சிப்பாய், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் குனிந்தான். விபூதி கேட்கிறான் என்று விளங்க எனக்குச் சற்று நேரமாயிற்று. என் இளைய மகன் 2009இல் காணாமற்போனவன். இன்றுவரை வீடு திரும்பவில்லை. விபூதி மடலுக்குள் போன கை வெளியே வரத் தயங்கியது. அவன் குனிந்தபடியே இருந்தான். கழுத்தில் வேர்க்குரு, ஒரு சின்ன வெட்டுக் காயம். பூசினேன். தாய் சுகமில்லாமல் இருக்கிறாள், கதிர்காமத்தில் அவள் பெயரைச் சொல்லுங்கள் என்று உடைந்த தமிழில் சொன்னான், பெயரையும் சொன்னான். கதிர்காமத்தில் முதலில் என் மகனின் பெயரைச் சொன்னேன். பிறகு அந்தப் பெயரையும் சொன்னேன். மன்னித்தேனா என்று என் மூத்த மகள் கேட்டாள். அப்படி எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு தாயின் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

டொரொன்ரோவிலிருந்து, தமிழ் எழுதப் பழகும் இளைஞர்

ஐயா எழுதியதற்குக் கீழே என் கதையை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் என்னைப் பெற்ற அம்மா எழுதச் சொல்கிறார். எழுத்துப்பிழைகளையும் அவரே திருத்துகிறார்.

வேலையை விட்டுவிட்டு, என்னை நானே தேடிப் போகிறேன் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். மாமாவுடன் மட்டக்களப்பிலிருந்து நடக்கத் தொடங்கிய முதல் வாரம் முழுவதும் நான் தேடியது நிழலையும் கழிப்பறையையும் மட்டுமே. விலை உயர்ந்த சப்பாத்து இரண்டாம் நாளே காலைக் கடித்துவிட்டது. மாமா வாங்கித் தந்த ரப்பர் செருப்பில்தான் மீதி நடை. குழுவில் வெறுங்காலோடு நடந்த ஒரு தாத்தா இருந்தார். நான் என்ன படித்தேன், என்ன சம்பளம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "தின்றாயா மகன்" என்பது மட்டும்தான் அவர் கேள்வி.

மற்றவர்கள் கேட்டது வேறு. எந்த ஊர் என்று கேட்பார்கள். டொரொன்ரோ என்பேன். அது இருக்கட்டும், எந்த ஊர் என்று மறுபடி கேட்பார்கள். மண்டூரில் ஓர் அம்மம்மா இன்னும் ஒரு படி மேலே போய், நீ எந்தக் குடி என்று கேட்டார். மட்டக்களப்பில் தாய்வழியாக வரும் குடி முறை உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே அந்த அம்மம்மாவிடம் ஒப்பித்தேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, கோயிலுக்கு நெல் குத்திக் கொடுத்த வீடு அல்லவா, கிணற்றடியில் இரட்டைத் தென்னை நிற்குமே, உன் அம்மம்மாவுக்கு இடது காது சற்றுக் கேட்காதே என்றார். எல்லாம் சரி. நான் பிறப்பதற்கு முன்பே இறந்த என் அம்மம்மாவின் காதைப் பற்றி ஒரு கோயில் வாசலில் கேட்டபோது, அழுகை வந்தது; ஏன் என்று விளக்க அப்போது தமிழ் போதவில்லை, இப்போதும் போதவில்லை.

காட்டுக்குள் தொலைபேசிக்குத் தொடர்பு இல்லாமற்போனபின் இரவுகள் மிக நீளமாக இருந்தன. தாத்தா துணிப்பொதியில் தலையை வைத்ததும் உறங்கிவிடுவார். நான் குறட்டைகளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். ஞானம் எதுவும் வரவில்லை. ஆனால் கும்புக்கனைக் கடந்தபின் ஒருநாள், பக்கத்தில் இருந்தவரின் சோற்றில் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நானே பாதியில்தான் கவனித்தேன். அவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்பாறை மாவட்டத்திலிருந்து, அரச வைத்தியசாலைத் தாதி

மூவரின் அனுபவங்களும் மனத்தைத் தொட்டன. ஆயினும் முதலுதவிக் கூடாரத்தில் இருப்பவள் என்ற முறையில் வேறொன்றையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மன உறுதி இருந்தால் எல்லாவற்றையும் நடந்து தீர்த்துவிடலாம் என்று இதை வாசிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலானோருக்குக் கொப்புளமும் நீரிழப்பும்தான். கொப்புளத்தை ஊசியால் குத்தாமல் சுத்தமாக மூடிக் கட்டினால் ஆறிவிடும். நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்பு-சீனித் தூளான ஜீவனியைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடித்தால் பலர் ஒரு மணித்தியாலத்தில் எழுந்து நடப்பார்கள். எனக்குப் பயம் தருபவர்கள் நீரிழிவு உள்ளவர்கள். நெடுநாள் சீனி வருத்தத்தில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடும். நண்பகல் மணலின் சூடு அவர்களுக்குத் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. வலி இல்லை என்பதை முருகன் அருள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்களின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு படபடக்கும். விரதம் என்று குளிசையை நிறுத்திவிட்டு வரும் இரத்த அழுத்தக்காரர்களும் உண்டு. குளிசை போடுவதால் எந்த விரதமும் கெட்டதாக நான் கேள்விப்படவில்லை.

உகந்தையில் ஒரு வருடம் முதியவர் ஒருவரை அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். குதிக்காலில் பெரிய புண், ஓரம் கறுத்திருந்தது. காட்டுக்குள் போகவே கூடாது என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. குனிந்த தலை நிமிராமல், நடந்தே முடிப்பேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வருடா வருடம் நடப்பவராம். மகளின் சுகத்துக்காக வைத்த நேர்த்தி. எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. கடைசியில் மனைவிதான் பொறுமை இழந்து, "நடந்து வாறவனுக்கு மட்டுமா முருகன்? பஸ்ஸில வாறவளுக்கு இல்லையா? நான் இத்தனை வருடமும் பஸ்ஸிலதானே வந்தனான்?" என்று கேட்டார். கூடாரத்தில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார், பிறகு அழுதார். வைத்தியசாலைக்குப் போய்க் காயத்தைச் சுத்தம் செய்து, வீதி வழியாகக் கதிர்காமம் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் இருவரும் பஸ்ஸில் உகந்தைக்கு வந்து, எங்கள் கூடாரத்துக்கு ஒரு பெட்டி தோடம்பழம் தந்துவிட்டுப் போனார்கள். புண் ஆறியிருந்தது, கால் தப்பியது.

நடப்பதைவிட நிற்பதற்கு அவருக்கு அதிக பலம் வேண்டியிருந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதையும் இங்கே எழுதப்படும் அனுபவங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்முனைப் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

தங்கச்சி எழுதியது மிகச் சரி. எனக்கும் அழுத்தக் குளிசை உண்டு. வைத்தியரிடம் கேட்டு, நடைக்காலம் முழுவதற்கும் போதுமானதைப் பிரித்துப் பொதிந்து கொண்டுபோனேன். பெண்கள் தனியே குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் ஆற்றங்கரையில் குழுவாகச் சேலை பிடித்து மறைப்புச் செய்துகொள்வோம். தனியே வருபவர்கள் தயங்காமல் பெண்கள் உள்ள குழுவோடு சேர்ந்துகொள்ளலாம்.

ஹற்றன் பக்கத்திலிருந்து, தோட்டப் பாடசாலை ஆசிரியர்

கிழக்குக் கரை வழியைப் பற்றியே எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். மலையகத்திலிருந்து இறங்கும் எங்களுக்கு வேறு வழி. பண்டாரவளை, வெல்லவாய, புத்தள என்று வந்து, புத்தளையிலிருந்து காட்டின் ஊடாகச் செல்லும் வீதியில் கதிர்காமத்தை அடைவோம். வழக்கமாகப் பஸ்ஸிலும் வானிலும் போகும் எங்கள் தோட்டத்துக்காரர்கள் சிலர், 2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் நின்றுபோனபோது, நடந்தே போவது என்று முடிவெடுத்தோம். அந்த ஆண்டு எங்களிடம் வேறு எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணம். கோதுமை மா விலை ஏறி, லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகள் பலவற்றில் ஒரு நேர ரொட்டிதான்.

மலைக்காரனுக்கு ஏற்றம் இறக்கம் பழக்கம். சமதரையும் வெப்பமும்தான் பகை. வெல்லவாயவுக்குக் கீழே காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல் வந்தது. புத்தள வீதியில் வாகனங்களை மறித்துத் தீனி கேட்டுப் பழகிய யானைகள் உண்டு. வாகனங்கள் குறைந்த அந்த ஆண்டில் அவையும் பசியோடுதான் நின்றிருக்கும் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அவரைத் தவிர வேறு யாரும் அதற்காக இரங்கியதாகத் தெரியவில்லை. எல்லாரும் நடையைத் துரிதப்படுத்தினோம்.

இருட்டுவதற்குள் காட்டைக் கடக்க முடியாது என்பதால், ஒரு சிறிய விகாரையில் தங்க இடம் கேட்டோம். கேட்பதற்கு எங்களில் யாரும் முன்வரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கங்காணியிடமும் துரையிடமும் கேட்டுக் கேட்டு, இனி யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கல்முனை அம்மா எழுதிய கூச்சத்துக்கு எங்களிடம் வேறொரு வேர் உண்டு. கடைசியில் ஆசிரியன் என்பதால் என்னைத் தள்ளிவிட்டார்கள். பிக்கு வயதானவர். ஒன்றும் கேட்காமல் பிரசங்க மண்டபத்தைத் திறந்து பாய்களைக் காட்டினார். தங்கள் தானத்தில் மிஞ்சிய சோற்றையும் பலாக்கொட்டைக் கறியையும் அனுப்பிவைத்தார். காலையில் மண்டபத்தையும் முற்றத்தையும் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் புறப்பட்டோம். எங்கள் பெண்கள் அதில் விட்டுக்கொடுக்கவே இல்லை.

தீர்த்தம் முடிந்து திரும்புவதுதான் பெரும் பாடு. பஸ் வரும் என்ற நம்பிக்கையில் ஒரு பகல் முழுவதும் வீதியோரத்தில் இருந்தோம். மாலையில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போகும் லொறி ஒன்று நின்றது. சாரதி எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, குலைகளுக்குமேல் உட்காராமல் ஓரமாக நின்றுகொள்வதானால் ஏறலாம் என்றார். சேர்த்து வைத்திருந்த காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. டீசலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றதில் முதுகு பிடித்துவிட்டது, உதவிக்கு வரும் பையனும் வரவில்லை, சந்தையில் குலைகளை இறக்கித் தந்தால் போதும் என்றார். அப்போதுதான் எங்களுடைய ஆட்களின் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். கொழுந்துக் கூடை சுமந்த தோள்களுக்கு வாழைக்குலை ஒரு பாரமா? பண்டாரவளைக்கு வந்து சேர நடுச்சாமம் தாண்டிவிட்டது. குளிரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லொறி முழுவதையும் இறக்கி அடுக்கிக் கொடுத்தோம். சாரதி ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் எல்லாருக்குமாக இரண்டு சீப்பு எடுத்துக்கொண்டு ஹற்றன் வீதியில் நடக்கத் தொடங்கினோம்.